கனவுக்கு ஒரு வரப்பு: சர்ரியலிசமும் ஓவியர் ராமானுஜமும்

சென்னையிலிருந்து புதுச்சேரி நோக்கிச் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணத்தை நெருங்கும்போது, தோப்புகள் விலகிக் கண்ணுக்கெட்டிய தொலைவுவரை உப்பளங்கள் விரிகின்றன. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய மாதங்களில் அங்கே சற்று நின்று பார்ப்பவருக்கு ஒரு மயக்கம் நேரும். பாத்திகளில் தேங்கிய உவர்நீர் வானத்தை அப்படியே வாங்கிக்கொள்கிறது. வரப்பில் நடக்கும் தொழிலாளியின் உருவம் தலைகீழாய் மேகத்தின் மீது நடக்கிறது. வெள்ளை உப்புக் குவியல்கள் எதன் மீதும் நில்லாமல் மிதப்பனபோல் தோன்றுகின்றன. காண்பது முழுவதும் உண்மை. ஆயினும் அதில் கனவின் சாயல் படிந்திருக்கிறது.

உண்மைக்கும் கனவுக்கும் இடைப்பட்ட இந்த எல்லையையே தன் நிலமாகக் கொண்ட கலை இயக்கம் சர்ரியலிசம். தமிழில் இதனை 'மீமெய்வாதம்' எனலாம். மரக்காணம் செல்லும் அதே சாலையின் வடபகுதியில், ஈஞ்சம்பாக்கத்தில் அமைந்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்து மறைந்த கே. ராமானுஜத்தின் ஓவியங்களைப் பற்றிப் பேசுவோர் பலரும் இச்சொல்லையே கையாளுகின்றனர். அது அவருக்கு எந்த அளவு பொருந்தும், எங்கே பொருந்தாமல் போகிறது என்பதை ஆராய்ந்தால், அந்த இயக்கத்தையும் அவரையும் ஒருங்கே விளங்கிக்கொள்ள இயலும்.

போரில் பிறந்த ஐயம்

சர்ரியலிசம் என்னும் சொல்லை 1917இல் முதன்முதலாக வழங்கியவர் பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேர். அதனை ஓர் இயக்கமாக்கியவர் ஆந்த்ரே பிரத்தோன். மருத்துவ மாணவராயிருந்த பிரத்தோன், முதல் உலகப் போரின்போது 1916இல், போர்முனையில் மனம் சிதைந்த வீரர்களைப் பேணிய மருத்துவ நிலையமொன்றில் பணிபுரிந்தார். தொடர்பற்றவைபோல் ஒலித்த அவர்களுடைய பேச்சில் வியப்பூட்டும் படிமங்கள் நிறைந்திருப்பதை அவர் கண்டார். ஃப்ராய்டின் கனவு ஆய்வுகளும் அவரை ஆட்கொண்டன. 'அறிவின் வழி நடப்பதாகப் பெருமை பேசிய ஐரோப்பா இத்தனை இலட்சம் மனிதரைப் பலிகொடுத்திருக்கிறது. அவ்வறிவை இனியும் எவ்வாறு முழுமையாக நம்புவது?' என்னும் ஐயமே இவ்வியக்கத்தின் வேர்.

1924இல் வெளியான தம் பிரகடனத்தில், அறிவின் கட்டுப்பாட்டுக்கு உட்படாத எண்ணங்களின் இயல்பான ஓட்டத்தை வெளிக்கொணர்வதே சர்ரியலிசம் என்று பிரத்தோன் வரையறுத்தார். ஓவியர்கள் அதற்கான வழிமுறைகளைக் கண்டனர். மாக்ஸ் எர்ன்ஸ்ட் 1925இல், மரப்பலகையின் மீது தாளை வைத்துத் தேய்த்து, அதில் தற்செயலாய்ப் பதியும் ரேகைகளிலிருந்து காடுகளையும் விலங்குகளையும் உருவாக்கினார். 1929இல் குழுவில் இணைந்த ஸ்பெயின் ஓவியர் சால்வதோர் தாலி, மனநோயாளி காணும் மாயத்தோற்றங்களைத் தெளிந்த அறிவோடே தம்முள் வரவழைத்து வரையும் முறையொன்றை வகுத்தார். உருகி வழியும் கடிகாரங்களைக் கொண்ட அவருடைய 'நினைவின் நிலைபேறு' (1931) உலகப் புகழ் பெற்றது. அதன் அளவு 24க்கு 33 சென்டிமீட்டர் மட்டுமே. அவ்வோவியத்தின் பின்புலத்திலுள்ள பாறைகளும் கடலும் கற்பனையல்ல. தாலி வாழ்ந்த கட்டலோனியக் கடற்கரையே அவை. கனவு வெற்றிடத்தில் விளைவதில்லை. அதற்கும் ஒரு மண் உண்டு.

நோயா, கலையா?

இவ்விடத்தில் வேறொரு வரலாற்றையும் நினைவுகூர வேண்டும். மனநோயாளிகள் வரைந்த ஓவியங்களைத் திரட்டி, ஹைடல்பெர்க் மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன் 1922இல் ஒரு நூலை வெளியிட்டார். எர்ன்ஸ்ட் அதனைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். சர்ரியலிஸ்டுகள் அதனைப் பெரிதும் போற்றினர். ஆனால் அதே ஓவியத் தொகுப்பை நாஜிகள் நேர்மாறான நோக்கத்திற்குப் பயன்படுத்தினர். 1937இல் மியூனிக்கில் தொடங்கிய 'இழிகலை' கண்காட்சியின் வழியே நவீன ஓவியர்களை இழிவுபடுத்திய அவர்கள், அவ்வோவியர்களின் படைப்புகளை மனநோயாளிகளின் சித்திரங்களோடு ஒப்பிட்டு எள்ளி நகையாடினர்.

இதற்கு எதிர்க்குரல் எழுந்த நகரங்களுள் கெய்ரோவும் ஒன்று என்பது குறிப்பிடத்தக்கது. கவிஞர் ஜார்ஜ் ஹுனைன் முன்னின்று, 1938 டிசம்பரில் 'வாழ்க இழிகலை' என்னும் அறிக்கையை அங்கு வெளியிட்டார். அதைத் தொடர்ந்து உருவான 'கலையும் விடுதலையும்' குழுவில் ரம்சீஸ் யூனான், ஃபுஆத் காமில், காமில் தில்மிசானி முதலிய எகிப்திய ஓவியர்கள் இணைந்தனர். ஒரு மனிதனின் மனநிலையைக் காட்டி அவன் கலையை இழிவுபடுத்தலாகாது என்னும் நியாயம் நைல் நதிக்கரையிலும் ஒலித்தது.

சோழமண்டலத்தின் ராமானுஜம்

அதே கேள்வி, ஒரு தலைமுறை கழித்து, நம் கடற்கரையிலும் எழுந்தது. 1940களின் தொடக்கத்தில் பிறந்த ராமானுஜத்துக்குப் பேச்சில் தடை இருந்தது. மனநோயும் அவரை வாட்டியது. சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்ற அவருடைய தனித்திறனை அடையாளம் கண்டு ஊக்குவித்தவர், அக்கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர். 1966இல் பணிக்கரின் தலைமையில் ஏறத்தாழ 30 கலைஞர்கள், பத்திக் துணிகள் முதலிய கைவினைப் பொருள்களை விற்ற வருவாயைக் கொண்டு மணற்பாங்கான நிலத்தை வாங்கிச் சோழமண்டலத்தை உருவாக்கினர். ராமானுஜம் அங்கே ஒதுக்கிடம் பெற்றார்.

பெரும்பாலும் பேனாவும் மையும் கொண்டு, நெருங்கிய நுண்கோடுகளால் அவர் ஓர் உலகைக் கட்டினார். கோபுரங்களும் விதானங்களும் அடுக்கடுக்காய் உயரும் மாளிகைகள், சுருண்டெழும் பாம்புகள், விசித்திர விலங்குகள், வானில் மிதக்கும் அழகியர் எனத் தாளில் இடைவெளியே இல்லாதபடி உருவங்கள் நிறைந்தன. அவற்றின் நடுவே பல ஓவியங்களில் தொப்பியணிந்த ஒரு மனிதர் அரசரைப்போல் வீற்றிருப்பார், அவர் ராமானுஜமே. நடைமுறை வாழ்வு மறுத்த மதிப்பையும் அன்பையும் தாளின் மீது அவர் தமக்குத் தாமே வழங்கிக்கொண்டார்.

1973இல், முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், அவர் தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

பெயர் பொருந்துமா?

அடிமனத்தின் படிமங்கள், இயற்கை விதிகளை மீறிய வெளி, கனவின் தருக்கம் ஆகியவற்றை நோக்கினால் ராமானுஜத்தைச் சர்ரியலிசத்தோடு சேர்த்துப் பேசுவதில் தவறில்லை. எனினும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. தாலி தெளிந்த கரையில் நின்று மயக்கத்தை விரும்பி அழைத்தவர். வேண்டும்போது திரும்பிவிட அவரால் முடிந்தது. ராமானுஜமோ மயக்கத்தின் நடுவில் வாழ்ந்து, தெளிவைத் தேடி வரைந்தவர். கட்டுப்பாட்டைத் தளர்த்துவது தாலிக்குக் கலை. கட்டுப்பாட்டை உண்டாக்கிக்கொள்வதே ராமானுஜத்துக்குக் கலை. அவருடைய கோடுகளில் காணும் பொறுமையும் ஒழுங்கும் இதற்குச் சான்று.

உப்பளத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். உவர்நீர் எங்கும் இருக்கிறது. ஆனால் வரப்பு கட்டி, பாத்தி பிரித்து, வெயிலில் காத்திருக்கும் உழைப்பின்றி அது உப்பாவதில்லை. துன்பமும் மனநோயும் உவர்நீர்போல் பலருக்கும் வாய்த்தவை. அவற்றைக் கலையாக்கியது நோயன்று. ராமானுஜத்தின் கை கட்டிய வரப்பு. ஆகவே அவரைப் 'பித்தர்' என்று ஒதுக்குவதும் பிழை. நோயே அவர் மேதைமையின் ஊற்று என்று மெச்சுவதும் பிழை. முன்னது அவருடைய உழைப்பைக் காண மறுக்கிறது. பின்னது அவர் பட்ட வேதனையைக் காண மறுக்கிறது.

சோழமண்டலம் அவருக்கு இடமும் தொழிலும் தந்தது. அவருடைய நோயைத் தீர்க்க அதனால் இயலவில்லை. ஒரு கலைஞனின் படைப்பை வியப்பது எளிது. அவன் உயிரோடிருக்கும்போதே அவன் தனிமையைக் கண்டுணர்ந்து, தக்க மருத்துவமும் மனிதத் துணையும் கிடைக்கச் செய்வதே அரிது. நம் வீடுகளிலும் தெருக்களிலும் பேச்சு தடுமாறி, தமக்குள் ஒதுங்கி வாழும் மனிதர்கள் இன்றும் உள்ளனர். அவர்களுள் எவருடைய கையில் எத்தகைய உலகம் அடங்கியிருக்கிறது என்பதை நாம் அறியோம். அறியாவிடினும், அவர்களை மதிக்கும் கடமை நமக்கு உண்டு.