தவுங் குழந்தையும் பேராசிரியர் டார்ட்டும்

மனித இனத்தின் தொன்மையை ஆராயும் மானிடவியலார்க்குக் கிட்டும் சான்றுகள் மிகச் சில. உடைந்த பல்லொன்று, தாடைத் துண்டொன்று, கல்லோடு கல்லாய் இறுகிய மண்டையோடொன்று ஆகிய இவற்றைக் கொண்டே பல இலட்சம் ஆண்டுகளின் வரலாற்றை அவர்கள் உய்த்துணர வேண்டியுள்ளது. சான்று சிறிதாகுமிடத்து, காண்பவர் முன்னரே மனத்திற்கொண்ட கருத்து அதனை எளிதில் மறைத்துவிடும். இவ்வுண்மையை நாம் உணர்வதற்கு ரேமண்ட் டார்ட் என்னும் அறிஞரின் ஆய்வு வாழ்க்கை தக்கதோர் எடுத்துக்காட்டாக அமைகின்றது.

கல்வியும் பணியும்

டார்ட், ஆத்திரேலிய நாட்டின் பிரிசுபேன் நகரில் 1893ஆம் ஆண்டு பிறந்தார். மருத்துவம் பயின்ற பின்னர் இலண்டனில், மூளையின் அமைப்பை ஆராய்வதில் பெயர்பெற்ற எலியட் சுமித்தின்கீழ்ப் பணியாற்றினார். 1923ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவின் சோகனசுபர்க்கு நகரிலுள்ள விட்வாட்டர்சுரேண்டு பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். அத்துறையோ அப்பொழுதுதான் வளரத் தொடங்கியிருந்தது. போதிய நூல்களும் கருவிகளும் அங்கு இல்லை.

மாணவி கொணர்ந்த மண்டையோடு

1924ஆம் ஆண்டு, சோசபின் சால்மன்சு என்னும் மாணவி பபூன் குரங்கின் தொல்படிவ மண்டையோடு ஒன்றைப் பேராசிரியரிடம் கொணர்ந்தார். அது தவுங் என்னும் ஊரின் சுண்ணாம்புக்கல் வெட்டுமிடத்திற் கிடைத்ததாகும். அங்குக் கிடைக்கும் படிவங்களைத் தமக்கு அனுப்புமாறு டார்ட் ஏற்பாடு செய்தார். அவ்வாண்டின் இறுதியில் கற்கள் நிறைந்த பெட்டிகள் வந்து சேர்ந்தன. அவ்வேளை, நண்பர் ஒருவரின் திருமணத்திற்காகத் தாம் உடை உடுத்திக்கொண்டிருந்ததாக அவரே பின்னாளில் எழுதியுள்ளார்.

பெட்டியில் மூளையின் வடிவத்தை அப்படியே வார்த்தெடுத்தாற்போன்ற கல்லொன்று இருந்தது. மூளையியல் பயின்ற கண்ணுக்கு அது சாதாரணக் குரங்கினுடையதன்று என்பது உடனே விளங்கிற்று. அதனோடு பொருந்திய மற்றொரு பாறையினுள் முகம் புதைந்திருந்தது. பின்னல் ஊசி முதலிய எளிய கருவிகளாற் பாறையைச் சிறிது சிறிதாகப் பெயர்த்து, திசம்பர் 23ஆம் நாள் அம்முகத்தை அவர் வெளிக்கொணர்ந்தார். பாற்பற்கள் விழாத ஒரு குழந்தையின் முகம் அது!

அம்மண்டையோட்டில் டார்ட் கண்டவை யாவை? மூளை சிறிது, ஏறத்தாழ வாலில்லாக் குரங்கின் அளவினது. ஆயின் கோரைப்பற்களோ மனிதரின் பற்களைப்போற் சிறியவை. தண்டுவடம் இறங்கும் பெருந்துளை, பின்புறம் ஒதுங்காது மண்டையின் அடிப்பகுதியில் முன்தள்ளி அமைந்திருந்தது. தலை நிமிர்ந்த உடலின்மேல் நின்றது என்பதே இதன் பொருள். எனவே, மூளை பெரிதாவதற்கு முன்னரே இவ்வுயிரினம் இருகாலால் நடந்தது என்று அவர் முடிவு செய்தார். ஆத்திரலோபித்தேகசு ஆப்பிரிக்கானசு எனப் பெயரிட்டு, 1925ஆம் ஆண்டு பிப்ரவரி 7ஆம் நாள் ‘நேச்சர்’ இதழில் தம் முடிவை வெளியிட்டார்.

மறுப்பும் அதன் காரணமும்

இலண்டன் அறிஞர்கள் இதனை ஏற்கவில்லை. ஆர்தர் கீத்து அதனைக் கொரில்லா, சிம்பன்சி ஆகியவற்றின் இனமாகவே கருதினார். ஆசிரியரான எலியட் சுமித்தும் ஐயமே தெரிவித்தார். குரங்கின் குட்டிகளும் இளமையில் மனிதச் சாயல் கொண்டிருக்கும் என்பது அவர்கள் கூறிய தடை. இதனை நாம் நியாயமற்றதென்று தள்ளுதற்கில்லை. ஆயினும் ஆழ்ந்த காரணம் வேறொன்றும் இருந்தது. 1912ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பில்ட்டுடவுனில் கிடைத்ததாகக் கூறப்பட்ட மண்டையோடு, பெரிய மூளையும் குரங்குத் தாடையும் உடையதாயிருந்தது. மூளையே முதலில் வளர்ந்தது என்னும் கொள்கைக்கு அது தூணாக விளங்கிற்று. தவுங் குழந்தையோ அதற்கு நேர்மாறான செய்தியைக் கூறியது.

காலம் வழங்கிய தீர்ப்பு

டார்ட்டின் துணைக்கு இராபர்ட் புரூம் வந்தார். 1936 முதல் சுடெர்க்பாண்டெயின் முதலிய குகைகளில், வளர்ந்த உயிர்களின் படிவங்களை அவர் கண்டெடுத்தார். ‘குழந்தை’ என்னும் தடை இதனால் நீங்கியது. 1947ஆம் ஆண்டு கீத்து, டார்ட்டின் கூற்றே சரி, தம் கூற்றே தவறு என வெளிப்படையாக எழுதினார். 1953ஆம் ஆண்டு பில்ட்டுடவுன் படிவம், மனித மண்டையோட்டையும் உராங்குட்டான் தாடையையும் இணைத்துச் செய்த மோசடி என்று மெய்ப்பிக்கப்பட்டது. தவுங் படிவமோ 25 இலட்சம் ஆண்டுகட்கும் மேற்பட்டதென இன்று கணிக்கப்படுகின்றது.

டார்ட்டின் பிழை

வென்றவர் என்பதனால் டார்ட் கூறிய யாவும் மெய்யாகிவிடவில்லை. மக்கபான்சுகாட்டுக் குகையிற் கிடைத்த எலும்புகளைக் கண்டு, நம் மூதாதையர் எலும்பு, பல், கொம்பு ஆகியவற்றை ஆயுதமாக ஏந்திய கொடிய வேட்டையர் என்று அவர் வாதிட்டார். பின்னர் வந்த பிரெயின் என்னும் ஆய்வாளர், சிறுத்தையும் கழுதைப்புலியும் எலும்புகளை எவ்வாறு கடித்து ஒதுக்குகின்றன என்பதைப் பொறுமையுடன் ஆராய்ந்தார். அவ்வெலும்புக் குவியல்கட்கு விலங்குகளே காரணம் எனக் காட்டி, 1981ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். அம்மூதாதையர் வேட்டையாடியவர் அல்லர், பெரும்பாலும் வேட்டையாடப்பட்டவரே. தவுங் குழந்தையும் பெரிய கழுகொன்றுக்கு இரையாகியிருத்தல் வேண்டும் என்பதை, அதன் கண்குழியிலுள்ள தழும்புகளைக் கொண்டு 2006ஆம் ஆண்டு ஆய்வாளர் விளக்கினர்.

டார்ட் 1988ஆம் ஆண்டு, தம் 95ஆம் அகவையில் மறைந்தார். அவரைப் புறக்கணித்த அறிஞர்களைத் திருத்தியதும், பின்னர் அவரையே திருத்தியதும் சான்றே என்பதை நாம் மறத்தலாகாது. கூறுவோர் புகழுடையவரா, தொலைவிலுள்ள சிறு கல்லூரியின் ஆசிரியரா என்று எலும்பு பார்ப்பதில்லை. தாம் கண்ட மண்டையோட்டைத் தயங்காது ஆசிரியரிடம் கொண்டுசென்ற அம்மாணவியும், அதனை அலட்சியம் செய்யாது ஆராய்ந்த அவ்வாசிரியரும் நம் வகுப்பறைகட்கு விட்டுச்சென்ற பாடம் இதுவேயாகும்.