டிமார்க்கேசன்

டிமார்க்கேசன் என்னும் ஆங்கிலச் சொல் எல்லை குறித்தலைச் சுட்டும். முன்னரே முடிவு செய்யப்பட்ட ஓர் எல்லையைக் கல், தூண் முதலியவற்றால் நிலத்தில் அடையாளப்படுத்துவது இதன் முதன்மைப் பொருள் ஆகும். டிலிமிட்டேசன் என்னும் சொல்லும் பொது வழக்கில் இதே பொருளில் ஆளப்படுவதுண்டு. ஆனால் பன்னாட்டுச் சட்டத்தில் இவ்விரண்டும் வெவ்வேறானவை. எல்லைக்கோடு எவ்வழியாகச் செல்லும் என்று உடன்படிக்கையிலோ தீர்ப்பிலோ வரையறுப்பது டிலிமிட்டேசன். அக்கோட்டை நிலத்தில் குறிப்பது டிமார்க்கேசன்.

சொற்பிறப்பு

குறியிடுதல் என்னும் பொருள் தரும் எசுப்பானிய வினைச்சொல்லின் அடியாகப் பிறந்தது இச்சொல். புதிதாகக் கண்டறியப்பட்ட நிலங்களை எசுப்பானியாவும் போர்த்துக்கலும் பங்கிட்டுக்கொண்ட கோட்டை இது தொடக்கத்தில் குறித்தது. 1494ஆம் ஆண்டின் தோர்தெசில்லாசு உடன்படிக்கை, அக்கோட்டைக் கேப் வர்டி தீவுகளுக்கு மேற்கே 370 லீக் தொலைவில் வைத்தது. அக்காலத்தில் கடலில் நெடுங்கோட்டைத் துல்லியமாக அளக்க வழியில்லை. ஆகவே, அக்கோடு எங்கு அமைகிறது என்பதில் இரு நாடுகளும் நெடுங்காலம் முரண்பட்டன.

எடுத்துக்காட்டு

எத்தியோப்பியாவும் எரித்திரியாவும் 1998 முதல் 2000 வரை போரிட்டன. பல்லாயிரக்கணக்கானோர் உயிரிழந்தனர். பின்னர் அமைக்கப்பட்ட எல்லை ஆணையம் 2002 ஏப்ரல் 13 அன்று எல்லையை வரையறுத்தது. போர் தொடங்கக் காரணமான பாத்மே ஊர் எரித்திரியாவின் பக்கம் அமைந்தது. எத்தியோப்பியா இதனை ஏற்கத் தயங்கியதால் எல்லைத் தூண்களை நடும் பணி நிறைவேறவில்லை. எனவே, தூண்கள் அமைய வேண்டிய இடங்களை ஆயத்தொலைவுகளால் குறித்து, 2007 நவம்பர் இறுதியில் எல்லை குறிக்கப்பட்டதாகக் கொண்டு ஆணையம் தன் பணியை முடித்துக்கொண்டது. ஆயினும் அவ்வூர் கைமாறவில்லை. தீர்ப்பை முழுமையாக ஏற்பதாக எத்தியோப்பியா 2018 சூனில் அறிவித்தது. கோட்டை வரையறுப்பதாலேயே எல்லைச் சிக்கல் தீர்ந்துவிடாது என்பதை இது காட்டுகிறது.

பிற பயன்பாடுகள்

அறிவியலை அறிவியல் அல்லாதவற்றிலிருந்து பிரித்தறியும் வினாவை மெய்யியலாளர் கார்ல் பாப்பர் இச்சொல்லால் குறித்தார். பிரித்தானியக் கப்பல் கட்டும் தளங்களில், எப்பணி எத்தொழிற்சங்கத்தாருக்கு உரியது என்று எழுந்த பூசல்களுக்கும் இச்சொல் வழங்கியது.

தமிழில்

இந்தியாவில் தேர்தல் தொகுதி மறுவரையறைக்கு டிலிமிட்டேசன் என்னும் சொல்லே வழங்குகிறது. அச்சொல்லை எல்லை வரையறை எனவும் டிமார்க்கேசனை எல்லை குறித்தல் எனவும் வேறுபடுத்தி எழுதுவது குழப்பத்தைத் தவிர்க்கும்.