யானைக் குட்டிகளைச் சாய்க்கும் "அக்கி" கிருமி!

ஒரே நாளில் உயிர் போகிறது; நாக்கு நீலமானால் ஆபத்து

நேற்று ஓடி விளையாடிய யானைக் குட்டி இன்று பிணம்! உடம்பில் காயம் கிடையாது. விஷம் வைக்கவில்லை. கரண்ட் அடிக்கவில்லை. பாம்பும் கடிக்கவில்லை.

இந்தியாவிலும் வெளிநாடுகளிலும் இப்படி யானைக் குட்டிகளைத் தீர்த்துக்கட்டி வரும் கொலைகாரன் ஒரு வைரஸ் கிருமி. பெயர் ஹெர்பிஸ். மனிதர்களுக்கு அக்கி, சின்னம்மை, உதட்டுப்புண் ஆகியவற்றைக் கொண்டுவரும் கிருமிகளின் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

இதுபற்றிய விபரம் வருமாறு:-

ஒரு மாதத்தில் 4 சாவு

ஒடிசா தலைநகர் புவனேஸ்வரம் அருகே நந்தன்கானன் மிருகக்காட்சி சாலை உள்ளது. 2019-ம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் இங்கே 4 இளம் யானைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செத்து விழுந்தன. முதல் சாவுக்கும் கடைசி சாவுக்கும் இடையே ஒரு மாதம்கூட முழுதாக ஆகவில்லை. பரிசோதனையில் ஹெர்பிஸ் கிருமி என்று தெரியவந்தது.

அடுத்த அடி கேரளாவில் விழுந்தது. திருவனந்தபுரம் மாவட்டம் கோட்டூரில் வனத்துறையின் யானை மறுவாழ்வு மையம் இருக்கிறது. 2019-ல் கூட்டத்தைப் பிரிந்து தவித்த ஸ்ரீகுட்டி என்ற பெண் குட்டியை அங்கே கொண்டுவந்து வளர்த்தார்கள். 2020-ல் அதற்கு முதல் பிறந்த நாள் கொண்டாடி, கேக்கும் ஊட்டினார்கள். 2021 ஜூன் கடைசியில் ஸ்ரீகுட்டி செத்துப்போனது. அந்த அழுகை ஓய்வதற்குள், சில நாளில் அர்ஜுன் என்ற 4 வயதுக் குட்டியும் போய்விட்டது. இரண்டுக்கும் காரணம் இதே கிருமிதான்.

முதல் துப்பு

இந்தக் கொலைகாரன் முதன்முதலில் சிக்கியது அமெரிக்காவில். வாஷிங்டன் தேசிய மிருகக்காட்சி சாலையில் குமாரி என்ற 16 மாதக் குட்டி 1995 ஏப்ரலில் திடீரென்று இறந்தது. இலங்கையில் இருந்து போன சாந்தி என்ற யானை ஈன்ற குட்டி அது.

அறுத்துப் பார்த்த டாக்டர்கள் திகைத்தார்கள். உள்ளுறுப்பு எங்கும் ரத்தக் கசிவு! லாரா ரிச்மன் என்ற பெண் கால்நடை டாக்டர் விடாமல் துருவினார். அதுவரை யாரும் அறியாத புது ஹெர்பிஸ் கிருமி என்று கண்டுபிடித்தார். அவரும் கூட்டாளிகளும் 1999-ல் "சயின்ஸ்" ஏட்டில் இதை வெளியிட்டார்கள். பழைய சாவுகளைத் தோண்டிப் பார்த்தபோது, பல குட்டிகளை இதே கிருமி கொன்றிருப்பது வெளிச்சத்துக்கு வந்தது.

வெளியூர்க்காரன் அல்ல!

ஆரம்பத்தில் சந்தேகம் ஆப்பிரிக்க யானைகள் மீது விழுந்தது. "மிருகக்காட்சி சாலைகளில் ஆப்பிரிக்க யானையையும் ஆசிய யானையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததால் தொற்றிவிட்டது, காட்டில் இந்த நோய் கிடையாது" என்ற பேச்சு அடிபட்டது.

அந்தப் பேச்சைப் பொய்யாக்கியது நம் தென்னாட்டுக் காடு. கேரள வனத்துறை கால்நடை டாக்டர் அருண் சக்கரியாவும் மற்ற ஆராய்ச்சியாளர்களும் தென்னிந்தியாவில் மர்மமாக இறந்த யானைகளின் உடல் பகுதிகளைச் சோதித்தார்கள். 9 சாவுகளுக்கு இந்தக் கிருமியே காரணம் என்று 2013-ல் அறிவித்தார்கள். முகாமில் வளர்ந்த அனாதைக் குட்டிகளும் அதில் உண்டு. காட்டு யானைகளும் உண்டு. ஒரே முகாமில் 3 நாள் இடைவெளியில் இறந்த 2 குட்டிகளிடம் இருந்தது அச்சு அசலாக ஒரே கிருமி!

மற்ற யானைகளிடம் கிடைத்த கிருமிகளோ ஒன்றுக்கொன்று வேறு ரகம். நேற்று வந்த கிருமி என்றால் இத்தனை ரகம் இருக்காது. ஆகவே இது ஆசிய யானைகளோடு காலம் காலமாக ஒட்டி வாழும் உள்ளூர் ஆசாமிதான் என்பது உறுதியாயிற்று.

ஆப்பிரிக்க யானைகளுக்கு வேறு ரகக் கிருமிகள் உண்டு. அவையும் லேசுப்பட்டவை அல்ல. 2019 மார்ச்சில் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் மிருகக்காட்சி சாலையில் 6 வயது, 8 வயது ஆப்பிரிக்க யானைகள் இரண்டு ஒரே வாரத்தில் பலியாயின.

எப்படிக் கொல்கிறது?

ரத்தக் குழாய்களின் உட்சுவரை இந்தக் கிருமி அரித்துவிடும். ஓட்டைக் குழாயில் தண்ணீர் ஒழுகுவதுபோல ரத்தம் உள்ளுக்குள்ளேயே கசியும். இதயம் தடுமாறி நின்றுவிடும்.

குட்டி தீனியைத் தொடாது. சோர்ந்து நிற்கும். தலை, முகம் வீங்கும். நாக்கு நீலம் பாரித்துப்போகும். அடையாளம் தெரிந்த பிறகு சில குட்டிகள் ஒரு நாள்கூடத் தாங்குவது இல்லை. "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு" என்று பாகன் பதறுவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கடுமையாகத் தாக்கினால் பாதிக்கு மேல் பிழைப்பது இல்லை.

பெரிய யானைகளில் பெரும்பாலானவை இந்தக் கிருமியைச் சுமந்தபடி நன்றாகவே நடமாடுகின்றன. அவ்வப்போது தும்பிக்கை நீர் வழியாகக் கிருமி வெளியே வரும். குட்டிக்குத் தாயிடம் இருந்து கிடைத்த எதிர்ப்பு சக்தி பால் மறக்கும் வயதில் குறைந்துவிடும். அந்த நேரம் பார்த்துத்தான் கிருமி தாக்குகிறது. 1 வயது முதல் 8 வயது வரை ஆபத்தான காலம்.

யானை சினை 22 மாதம். பிறப்பது பெரும்பாலும் ஒரே குட்டி. அடுத்த ஈற்றுக்கு 4, 5 வருடம் ஆகும். ஒரு குட்டி போனால் எவ்வளவு நஷ்டம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கோயில் யானையிடம் போகலாமா?

பயப்பட வேண்டாம். யானையின் ஹெர்பிஸ் கிருமி மனிதரைத் தொற்றுவது இல்லை. கோயில் யானையிடம் ஆசி வாங்குவதால் இந்த நோய் வராது. மனிதரின் அக்கியும் யானைக்குப் போகாது. (காசநோய் வேறு விஷயம். அது மனிதருக்கும் யானைக்கும் மாறி மாறித் தொற்றும்.)

மருந்து உண்டா?

அக்கி வந்தால் குயவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வது நம் ஊர் வழக்கம். யானைக் குட்டிக்கு அந்த அவகாசம் கிடையாது.

மனிதரின் அக்கிக்கு டாக்டர்கள் எழுதித்தரும் "பாம்சிக்ளோவிர்" மாத்திரையைத்தான் யானைக்கும் கொடுக்கிறார்கள். 1997-ல் அமெரிக்காவில் மிசூரி மாநிலம் ஸ்பிரிங்பீல்டில் சந்திரா என்ற 17 மாதக் குட்டி இந்த மருந்தால் பிழைத்தது. ஆரோக்கியமான பெரிய யானையின் ரத்தத்தில் இருந்து பிரித்த பிளாஸ்மாவையும் ஏற்றுகிறார்கள்.

ஆனால் நாக்கு நீலமான பிறகு மருந்து தேடி ஓடினால் பலன் குறைவு. நோய் வெளியே தெரிவதற்குச் சில நாள் முன்பே கிருமி ரத்தத்தில் தலைகாட்டிவிடும். அதனால் வெளிநாட்டு மிருகக்காட்சி சாலைகளில் குட்டிகளுக்கு வாராவாரம் ரத்தப் பரிசோதனை நடக்கிறது. அடம் பிடிக்காமல் காதைக் காட்டி ரத்தம் கொடுக்கக் குட்டிகளைப் பழக்கியிருக்கிறார்கள்!

தடுப்பூசி வருகிறது

இந்தக் கிருமியை ஆய்வுக்கூடத்தில் வளர்க்க முடியாமல் விஞ்ஞானிகள் நெடுங்காலம் திண்டாடினார்கள். தடுப்பூசி தாமதமானதற்கு அது ஒரு முக்கிய காரணம்.

2024 ஜூனில் அமெரிக்காவின் ஹூஸ்டன் மிருகக்காட்சி சாலையில் டெஸ் என்ற 40 வயது ஆசிய யானைக்கு எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்டது. கொரோனா காலத்தில் பேசப்பட்ட அதே வகை ஊசி. பெய்லர் மருத்துவக் கல்லூரி ஆராய்ச்சியாளர்கள் தயாரித்தது. இங்கிலாந்தில் செஸ்டர் மிருகக்காட்சி சாலையும் சர்ரே பல்கலைக்கழகமும் சேர்ந்து வேறொரு தடுப்பூசியைச் சோதித்துள்ளன. 2018 அக்டோபரில் நந்திதா, ஆயு என்ற 2 குட்டிகளை இந்த நோய்க்குப் பறிகொடுத்த இடம் செஸ்டர்.

முதலில் பெரிய யானைகளுக்குப் போட்டு, கெடுதல் இல்லை என்று தெரிந்த பிறகே குட்டிகளுக்குப் போட முடியும். அதுவரை வாராவாரம் ரத்தப் பரிசோதனை, கைவசம் மருந்து, தினமும் குட்டியின் வாயைத் திறந்து நாக்கைப் பார்க்கும் பாகன் ஆகிய மூன்றும்தான் பாதுகாப்பு.