காணும் பொங்கலும் பாலாறும்

தைப் பொங்கலுக்குப் பேரக் குழந்தைகளைக் காண வேலூருக்கும் ஆம்பூருக்கும் ரயிலேறி வரும் தாத்தா பாட்டிமார்கள் கரும்பும் பலகாரமும் கொண்டுவர மறப்பதில்லை. ஆனால் காணும் பொங்கலன்று, கட்டுச் சாதத்துடன் ஆற்றங்கரைக்குப் போகலாம் என்று குழந்தைகள் கேட்டால் என்ன சொல்வது?

நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து வயலூரில் கடலைச் சேரும் பாலாறு, இன்று பெரும்பாலும் வெறும் மணல். அம்மணலில் ஊற்றுத் தோண்டி ஜலம் குடித்தவர்கள் இந்தத் தாத்தாக்கள். முன்னாளில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டார்கள். பிற்பாடு குரோமிய உப்பு வந்தது. கழிவு நீர் நிலத்தில் இறங்கிக் கிணறுகள் கெட்டன.

மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்று 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30-ஆம் தேதி அதையே மறுபடியும் வற்புறுத்த நேர்ந்தது. இதற்குள் ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

தோல் தொழிலைப் பழிப்பது நம் நோக்கமன்று. பல்லாயிரம் குடும்பங்களில் அடுப்பெரிவதும், பொங்கலுக்குப் புத்தாடை வருவதும் அந்தக் கூலியில்தான். ஆயினும் பசிக்குச் சோறு தருகிற தொழில், தாகத்துக்கு ஜலமில்லாமல் செய்யலாமா?

2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடிற்று. நதி இன்னும் மாண்டுவிடவில்லை. ஆகையால் பெரியோர்களே, குழந்தைகளைக் கரைக்கே அழைத்துச் செல்லுங்கள். ஊற்றுத் தோண்டிய இடத்தைக் காட்டுங்கள். நதி ஒன்று இருந்ததென்றே அறியாத குழந்தை அதைத் திரும்பக் கேட்கப் போவதில்லை.