முன்னாடியே அடிச்சு வெச்ச டிக்

புது ஆப்ல அக்கவுண்ட் ஓபன் பண்ணும்போது, "ஆஃபர் மெயில் அனுப்பலாமா?"ன்னு ஒரு பெட்டி வரும். டிக் அவங்களே அடிச்சு வெச்சிருப்பாங்க. நாமளும் அதைத் தொடாம அடுத்த பக்கம் போயிடுவோம். பிரிட்டன்ல அந்த மாதிரி ஒரு டிக்குக்காக நூறு வருஷத்துக்கு மேல சண்டை நடக்குது. அங்க விஷயம் மெயில் இல்ல, தொழிற்சங்க உறுப்பினரோட காசு.

வால்டர் ஆஸ்போர்ன் ஒரு ரயில்வே போர்ட்டர், லிபரல் கட்சி ஆதரவாளர். அவரோட சங்கமோ உறுப்பினர் பணத்துல லேபர் எம்.பி.க்களுக்குச் செலவு பண்ணுச்சு. (எம்.பி.க்கு அரசு சம்பளம் வந்ததே 1911லதான்.) "என் காசு, எனக்குப் பிடிக்காத கட்சிக்கா?"ன்னு கோர்ட்டுக்குப் போனார், 1909ல ஜெயிச்சார். லேபர் கட்சி ஆடிப்போச்சு.

1913ல ஒரு சமரசச் சட்டம் வந்தது. உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கிட்டா அரசியலுக்குத் தனி நிதி வெச்சுக்கலாம். வேண்டாம்ங்கிறவர் எழுதிக் கொடுத்து விலகலாம். விலகினதுக்காகச் சங்கத்தோட மத்த சலுகைகளை நிறுத்தக் கூடாது.

1926 பொது வேலைநிறுத்தம் தோத்ததும் கன்சர்வேட்டிவ் அரசு 1927ல இதைத் தலைகீழாக்குச்சு: விருப்பம் இருக்கிறவர்தான் எழுதிக் கொடுக்கணும். லேபரோட சங்க உறுப்பினர் கணக்கு ஒரே வருஷத்துல சுமார் 32 லட்சத்துலேர்ந்து 20 லட்சமா சரிஞ்சது. அப்போ சங்கங்களே ஆள் இழந்துட்டு இருந்தது உண்மைதான், ஆனா அது மட்டுமே காரணம் இல்ல. 1946ல லேபர் அரசு பழைய முறையைத் திரும்பக் கொண்டுவந்ததும் 26 லட்சம் 44 லட்சமாச்சு. அத்தனை பேர் ஒரே வருஷத்துலயா கொள்கையை மாத்திக்கிட்டாங்க? டீஃபால்ட் மாறுச்சு, அவ்ளோதான்.

2016ல கன்சர்வேட்டிவ் அரசு புது உறுப்பினர்களுக்கு மறுபடி "விருப்பம்னா எழுதிக் கொடு"ன்னு மாத்துச்சு. 2025ல லேபர் அரசு கொண்டுவந்த சட்டம் அதையும் திருப்பிடுச்சு.

நான் இதுல ஆஸ்போர்ன் பக்கம். பேசாம இருக்கிறதைச் சம்மதம்னு எடுத்துக்க முடியாது. ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு களைச்சுப் போனவர் ஃபார்ம் நிரப்பலங்கிறதுக்காக, அவருக்கு அரசியலே வேண்டாம்னு சொல்றதும் அதே தப்புதான். நம்ம ஊர்லயும் 2025 வரைக்கும் அமல்ல இருந்த 1926 தொழிற்சங்கச் சட்டத்தோட 16வது பிரிவு, அரசியல் நிதி தனியா இருக்கணும், யாரையும் கட்டச் சொல்லி வற்புறுத்தக் கூடாதுன்னு சொல்லுச்சு. நீங்க சங்கத்துல இருந்தா, அடுத்த தடவை சந்தா ரசீதை ஒருமுறை முழுசா படிச்சுப் பாருங்க.