சூரை மீனும் ஒரு கூடை ஐஸும்

மத்தியானம் சூரைமீன் கறியுடன் சோறு சாப்பிட்டு அரை மணித்தியாலம் ஆகவில்லை. முகம் சிவந்து சூடேறுகிறது. தலையிடி, உடம்பெங்கும் தடிப்பு, நெஞ்சுப் படபடப்பு. "இந்த மீன் உனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டில் முடிவுகட்டி விடுவார்கள். ஆனால் பல வேளைகளில் குற்றம் சாப்பிட்டவரின் உடம்பில் இல்லை. கடலிலிருந்து சட்டிவரை அந்த மீன் எப்படி வந்து சேர்ந்தது என்பதில்தான் இருக்கிறது.

மீனுக்குள் நடக்கும் வேலை

சூரை, கும்பளா போன்ற செந்தசை மீன்களில் ஹிஸ்டிடீன் என்னும் அமினோ அமிலம் மிகுதியாக உண்டு. மீன் இறந்தபின் அதன் செவுளிலும் குடலிலும் உள்ள சிலவகைப் பற்றீரியாக்கள் பெருகி, ஒரு நொதியத்தை உண்டாக்குகின்றன. அந்த நொதியம் ஹிஸ்டிடீனை ஹிஸ்டமினாக மாற்றுகிறது. முகத்தைச் சிவக்க வைப்பது இந்த ஹிஸ்டமினே.

நொதியம் தாக்கும் பொருளைக் கீழ்ப்படை என்று உயர்தர மாணவர் படிப்பார்கள். சந்தையில் மீன் வெட்டுபவர்களை நினைத்துப் பாருங்கள். மீன் குறைவாக வந்தால் சிலர் கை சும்மா இருக்கும். வரவு கூடக் கூட வேலையும் கூடும். எல்லார் கையும் நிறைந்தபின், எவ்வளவு மீன் குவித்தாலும் வேகம் கூடாது. நொதியமும் இப்படித்தான். சீனியைப் பிளக்கும் நொதியத்தை ஆராய்ந்த மைக்கேலிஸ், மென்டன் என்னும் இருவரும் 1913இல் பேர்லினில் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார்கள்.

சூரையில் கீழ்ப்படைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கிலோ தசையில் பல கிராம் ஹிஸ்டிடீன் இருக்கும். உணவு மீனில் கிலோவுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் ஹிஸ்டமின் இருக்கக்கூடாது என்பது கோடெக்ஸ் என்னும் சர்வதேச உணவு நியமம். ஆகவே இருப்பதில் சிறு பங்கு மாறினாலே போதும், மீன் நஞ்சாகிவிடும்.

நம் கையில் உள்ளவை

மீனில் உள்ள ஹிஸ்டிடீனை நாம் குறைக்க முடியாது. ஆனால் வெப்பநிலை, நேரம், சுத்தம் மூன்றும் நம் கையில் உண்டு. குச்சவெளியிலிருந்து மூதூர் வரை நம் கரைகளில் பகல் வெப்பம் பல மாதங்களில் 30 பாகை செல்சியஸைத் தாண்டும். அந்த வெயிலில் சில மணித்தியாலம் கிடந்த மீனில் பற்றீரியாக்கள் பன்மடங்காகும். 4 பாகைக்குக் கீழே அவற்றின் பெருக்கம் மிகவும் தளர்ந்துவிடும்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நொதியம் ஒருமுறை உண்டாகிவிட்டால், குளிரில் பற்றீரியா அடங்கிய பின்னரும் அது மெல்ல வேலை செய்யும். உறைய வைத்தாலும் அழியாது. உறைவு நீங்கியதும் மீண்டும் தொடங்கும். எனவே கரைக்கு வந்தபின் போடும் ஐஸைவிட, பிடித்தவுடன் வள்ளத்தில் போடும் ஐஸே பெறுமதியானது.

கொதிக்க வைத்தால் சரிதானே என்று கேட்கலாம். கொதி பற்றீரியாவைக் கொல்லும். நொதியத்தையும் முட்டை வெண்கருவைப்போல் உருக்குலைக்கும். ஆனால் ஏற்கெனவே உண்டான ஹிஸ்டமின் சமையலில் அழியாது. கருவாடாக்கினாலும் போகாது.

நம் முன்னோர் ஜாடி போடும்போது உப்பையும் கொறுக்காய்ப்புளியையும் சேர்த்தார்கள். மிகுந்த புளிப்பும் உப்பும் பற்றீரியாக்களை அடக்கும். இலேசான புளிப்பு போதாது. இவ்வகை நொதியங்களில் சில அதில் நன்றாகவே வேலை செய்யும். ஜாடிக்கும் புது மீனே வேண்டும். விற்காமல் மிஞ்சி, வெயிலில் வாடிய சூரையைப் புளி காப்பாற்றாது.

செய்ய வேண்டியவை

கடலுக்குப் போகும்போதே மீனின் நிறைக்குச் சமமான ஐஸை எடுத்துச் செல்லுங்கள். பெரிய மீனின் செவுளையும் குடலையும் உடனே அகற்றிக் கழுவி, வயிற்றுக்குள்ளும் ஐஸ் நிரப்புங்கள். கரைவலையில் குவியும் மீனை மணலில் கிடக்க விடாமல் நிழலுக்குக் கொண்டுபோங்கள். வாங்குவோர் மணத்தை மட்டும் நம்ப வேண்டாம். கெட்ட மணம் வருமுன்னரே ஹிஸ்டமின் கூடியிருக்கலாம். வாயில் மிளகுபோல் எரிந்தால் மேலும் உண்ணாதீர்கள். மூச்சுத் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

ஐஸுக்குக் காசு செலவாகும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் செலவில் மீனின் விலையும், அதை உண்ணும் பிள்ளைகளின் உடம்பும் காப்பாற்றப்படுகின்றன.