லாசிக்கா, ஸ்மைலா? கார்னியாவைக் கேளுங்கள்

கார்னியா எனப்படும் கருவிழிப் படலத்தின் நடுப்பகுதி சராசரியாக 540 மைக்ரான் தடிமன். அரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு ஒளி விழித்திரைக்கு முன்னாலேயே குவிந்துவிடுகிறது. கார்னியாவின் நடுவைக் கொஞ்சம் தட்டையாக்கினால் அது விழித்திரை மேலேயே குவியும். பிஆர்கே, லாசிக், ஸ்மைல் என்ற மூன்று லேசர் சிகிச்சைகளும் செய்வது இதைத்தான்.

மூத்தது பிஆர்கே. கார்னியாவின் மேல்தோலை நீக்கிவிட்டு, அடியிலுள்ள திசுவை எக்சைமர் லேசரால் செதுக்குவார்கள். சுற்றியுள்ள பகுதி கருகாமல் திசுவைச் சீவும் இந்த லேசரின் குணத்தை 1981-ல் நியூயார்க் மாநிலத்தில் உள்ள ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்த மூவரில் ஒருவர் ரங்கசாமி சீனிவாசன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். முதலில் சோதித்துப் பார்த்தது விருந்தில் மிஞ்சிய வான்கோழியில்!

பிஆர்கேயில் மேல்தோல் மறுபடி வளரும்வரை மூன்று நான்கு நாள் வலி, எரிச்சல். பார்வை முழுதாகத் தெளிய வாரக்கணக்கில் ஆகும். லாசிக்கில் இந்த அவஸ்தை குறைவு. மெல்லிய மடல் ஒன்றை வெட்டி, புத்தக அட்டைபோலத் திருப்பி, அடியில் செதுக்கிவிட்டு மூடிவிடுவார்கள். பெரும்பாலோருக்கு மறுநாளே தெளிவாகத் தெரியும். ஆனால் அந்த மடல் பழைய வலுவோடு ஒட்டுவதில்லை. பலமாக அடிபட்டால் பல ஆண்டு கழித்தும் நகரக்கூடும். கபடி, குத்துச்சண்டை ஆடுபவர்களுக்கு டாக்டர்கள் பிஆர்கேயைச் சொல்வது இதனால்தான்.

ஸ்மைலில் மடலே கிடையாது. லேசர் கார்னியாவுக்குள்ளேயே சின்ன வில்லை வடிவில் திசுவைப் பிரித்துவிடும். 2 முதல் 4 மி.மீ. கீறல் வழியாக டாக்டர் அதை உருவி எடுப்பார். லாசிக் வெட்டின் நீளம் சுமார் 20 மி.மீ. அறுபடும் நரம்புகள் குறைவு என்பதால் ஆரம்ப மாதங்களில் கண் வறட்சியும் குறைவு. ஆனால் பவர் மிச்சம் நின்றால் அதே வழியில் மறுபடி போவது எளிதல்ல, பெரும்பாலும் பிஆர்கேதான் கைகொடுக்கும். விளம்பரங்களில் இது கண்ணில் படாது.

உண்மையில் முடிவு செய்வது ஒரு கழித்தல் கணக்கு. ஒரு டயாப்டர் பவரைக் குறைக்கச் சுமார் 15 மைக்ரான் திசு போகும். கார்னியா 480 மைக்ரான், பவர் மைனஸ் 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். லாசிக் மடலுக்கு 110, செதுக்க 105, மிஞ்சுவது 265. பல டாக்டர்கள் 300-க்குக் கீழே போகத் தயங்குவார்கள். பிஆர்கேயில் மடல் இல்லை, மேல்தோல் 50-தான், 325 மிஞ்சும். மெலிந்த கார்னியா அழுத்தம் தாங்காமல் கூம்பாகப் புடைத்துவிட்டால் கண்ணாடி போட்டாலும் பார்வை தெளியாது. அதனால் என்ன மெஷின் என்று விசாரிப்பதைவிட, கார்னியாவின் வளைவை வரைபடமாகக் காட்டும் டோப்போகிராஃபி ரிப்போர்ட்டில் என்ன வந்திருக்கிறது என்று கேட்பதே மேல். அதில் கோளாறு தெரிந்தால் மூன்றுமே வேண்டாம்.

நாற்பதை நெருங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மைனஸ் 2 உள்ளவர் அந்த வயதில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படித்துவிடுவார். இரண்டு கண்ணிலும் பவரை முழுதாக எடுத்துவிட்டால், சில ஆண்டுகளில் அதே பேப்பருக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்க வேண்டியிருக்கும்.